ஆழமாக இறங்கிய ஆணிகள்

ஆணி எப்படி அடிக்க வேண்டும் என்று நான் இதில் எழுதப் போவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு அதை நம் தச்சர் ரஃபீக் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார், கூடவே இரண்டு வசவும் இலவசமாகக் கிடைக்கும். பலகைக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த ஓரத்தில் எத்தனை ஆணி என்பதெல்லாம் நம் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் சைட் சூப்பர்வைசர் என்று சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் எவ்வளவு கீழே இறங்கினேன் என்பதையும், ஒரு பெண்மணி எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்பதை அன்றைக்கு எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் என்னைத்தான் திட்டுவார். உங்களில் சிலர் ஏற்கெனவே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால் யாரென்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆம்பூரைத் தாண்டி நாட்றம்பள்ளி போகிற வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு வேன் ஷெட் கட்டும் வேலை நமக்கு வந்தது. சாதாரண வேன் இல்லை. உள்ளே பல் டாக்டர் நாற்காலி, விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பல் பார்க்கிற வேன். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்கிற மெஷின் கெட்டுவிடும் என்பதால் ஷெட் தேவைப்பட்டது. நிலம் திருச்சபைக்குச் சொந்தமானது. செங்கல் வைத்துக் கட்டக் கூடாது, கேட்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆகவே கீழே கான்கிரீட் தளம், அதன் மேல் மரக்கட்டைச் சட்டம், சட்டத்தின் மேல் பிளைவுட், அதற்கு மேல் வெளியில் கலர் ஷீட் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலையில் ஜெபம் பண்ணி வேனை உள்ளே விடுவது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நாள் குறித்துவிட்டார்கள்.

இந்த மாதிரிச் சுவரில் பிளைவுட் எதற்கு என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பீர்கள். வெளியே ஷீட் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது என்பீர்கள். ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சி இருக்கிற உள்தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அப்படியே சாய்ந்து தட்டையாகிவிடும். வெறும் மரச்சட்டமும் அப்படித்தான். எத்தனை கட்டை நிறுத்தினாலும் பலமான காற்றில் சாயும். அதைச் சாயவிடாமல் பிடித்து நிறுத்துவது பிளைவுட். அந்தப் பிளைவுட்டைக் கட்டையோடு பிடித்து வைப்பது ஆணி. மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த அந்தப் பலகையின் மேல் ஏட்டில் ஆணியின் தலை உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அந்தப் பிடி.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை பின்பக்கச் சுவரில் பலகை ஏற்றினோம். அந்தச் சுவருக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் இடித்த பழைய வார்டின் மரத்தை உபயோகிக்கச் சொல்லியிருந்தார்கள். பல வருடம் காய்ந்த மரம், இரும்பாக இருந்தது. ரஃபீக் நெய்ல் கன் பிடித்தால் கை சும்மா நிற்காது, ஆனால் அந்த மரத்தில் ஆணித்தலை ஒவ்வொன்றும் அரிசி அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நேராக, கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரிடம் போய்க் காற்றழுத்தத்தை ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஆணி ஜம்மென்று இறங்கியது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கச் சுவர்கள். அவற்றுக்குப் புது பைன் மரம், மிருதுவான மரம். அழுத்தத்தை இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரஃபீக்குக்கும் தோன்றவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு சுவர் முழுக்க முடிந்தது, நான்கு மணிக்கு அடுத்ததும் முடிந்தது. நான் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு ஆணி கையில் தட்டவில்லை. "வழவழன்னு இருக்குது ரஃபீக், சபாஷ்" என்று சொல்லி முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மரவேலைக்கு வருவதற்கு முன்னால் ஷூ கம்பெனியில் ஹீல் அடிக்கிற செக்‌ஷனில் இருந்தவன். ஹீலை ஷூவோடு சேர்க்க உள்பக்கத்திலிருந்து ஆணி அடிப்போம். தலை நன்றாகப் புதைய வேண்டும். கொஞ்சம் நீட்டினாலும் போட்டு நடப்பவர் குதிகாலைக் கிழித்துவிடும். சேர்ந்த புதிதில் நான் அடித்த ஒரு ஷூவில் தலை லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. லைன் லீடர் என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் என் கையை அந்த ஷூவுக்குள் விடச் சொல்லி, மேலிருந்து அழுத்தினார். விரலில் ரத்தம் வந்தது. "வாங்குறவன் கால் இது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து, நீட்டுகிற ஆணி தப்பு, புதைந்த ஆணி சரி என்பது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வேலையில் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டதை இன்னொரு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அது அங்கேயும் செல்லுமா என்று நிறுத்திக் கேட்க வேண்டும். நான் பல வருடம் கேட்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு நான் சொன்ன பெண்மணி என்னிடம் வந்தார். அப்போது அவர் நம்மிடம் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பலகைக்குப் பிரைமர் அடிக்கிற கூலி வேலை. அதற்கு முன்னால் ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங்கில் பல வருடம் இருந்தவர். அந்த லைனை மூடிவிட்டார்கள், வேலை போய்விட்டது. மகள் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு இந்தக் கூலியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். இந்த ஆணிங்க எல்லாம் ஜாஸ்தி உள்ள போய்ட்டுக்குது. வெரல் வெச்சா பள்ளம் தெரியுது."

"ஏம்மா, வெளிய நீட்டிக்கினு இருந்தா வந்து சொல்லு. உள்ள போனா நல்லது தானே?"

"ஷூவுக்குள்ள போனா நல்லது தான் சார். மேல்தோல்ல போனா?" என்று கேட்டார். "அப்பர் தைக்கிறப்போ தையல ஜாஸ்தி இறுக்கிட்டா தோல் அறுந்துடும். பாக்க சுத்தமா தான் இருக்கும். கால்ல போட்டு நாலு நாள் நடந்தா தையலோட வாய் பொளந்துக்கும். இதுவும் மேல அறுந்த மாதிரி தான் இருக்குது சார்."

என்ன ஒரு கேள்வி பாருங்கள். இன்றைக்கு யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. பிளைவுட்டைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. ஏடு ஏடாக ஒட்டிச் செய்த பலகை அது, மேல் ஏடு கிழிந்தால் ஆணிக்குப் பிடி போய்விடும் என்று எந்த இன்ஜினியரும் அவரிடம் பாடம் நடத்தியதில்லை. விரலை வைத்தார், தெரிந்துகொண்டார். அதே ஷூ கம்பெனி வழியாக வந்தவன்தான் நானும். நான் என் ஹீலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன், அவர் முழு ஷூவையும் புரிந்துகொண்டு வந்திருந்தார்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் இது: "பிரைமர் வேலைய பாரும்மா. எங்களுக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. பத்து மணிக்குக் கலர் ஷீட் லாரியும் அதை அடிக்கிற ஆட்களும் வருவதாக ஏற்பாடு. அவர்கள் கூடவே நம் இன்ஜினியர் வருவார். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்ப்பார்கள். ஷீட் ஏறிவிட்டால் பிளைவுட்டை அதற்கப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை.

எட்டு மணிக்கு நான் சைட்டுக்குள் வண்டியை விட்டேன். இடது பக்கச் சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், செக்கிங்கில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அந்த அம்பை ஒட்டி அனுப்புவார்கள். ரிப்பேர் செய்கிறவர் தேட வேண்டியதில்லை, அம்பின் முனை காட்டிவிடும். அந்தப் பெண்மணியிடம் பழைய ரோல் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு அம்பும் ஒரு ஆணித்தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு பலகையிலும் ஒட்டியிருந்தார். எல்லா ஆணியிலும் இல்லை, நன்றாக உட்கார்ந்திருந்ததை விட்டுவிட்டார். அவர் அந்தப் பக்கம் பின்சுவரில் குனிந்து பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதை மறைக்கப் போவதில்லை. நேற்று வந்த பிரைமர்காரம்மா என் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுவதா என்ற கோபம். அதற்கு அடுத்து வந்தது பயம். பத்து மணிக்கு இன்ஜினியர், பதினொன்றுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள், அவர்கள் கண்ணில் இது பட்டால் என் மானம் போய்விடும். அந்த ஆணிகள் உண்மையிலேயே கெட்டவையா என்ற கேள்வி மூன்றாவதாகக்கூட வரவில்லை.

ஸ்டிக்கரைப் பிய்க்க ஆரம்பித்தேன். பிய்த்துப் பிய்த்துப் பேன்ட் பைக்குள் திணித்தேன். முதல் பலகை, இரண்டாவது பலகை, மூன்றாவது பலகை. நான்காவது பலகையின் கீழ் மூலையில் ஒரு அம்பைப் பிய்க்கும்போது அதோடு சேர்ந்து மரத்தூளும் ஒரு சிம்பும் வந்தது. ஆணித்தலையைச் சுற்றி மேல் ஏடு வட்டமாகக் கிழிந்து நின்றது. சும்மா ஒரு சந்தேகத்துக்கு உளியை ஓரத்தில் விட்டு நெம்பினேன். பெரிய பலம் எதுவும் போடவில்லை. மூலை அப்படியே கட்டையை விட்டு என் கைக்கு வந்துவிட்டது. ஆணிகள் கட்டையிலேயே நின்றன. பலகை மட்டும் அவற்றின் தலையைத் தாண்டி வெளியே வந்திருந்தது.

பிரைமர் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வேனும், அதில் உட்கார்ந்து பல் காட்டுகிற ஜனங்களும், அதை எடுக்க வருகிற டிரைவரும் வரிசையாக மனதில் வந்தார்கள். ஐப்பசிக் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் நினைப்பீர்கள், உடனே நான் ரஃபீக்கைக் கூப்பிட்டு வேலையைத் திருத்தியிருப்பேன் என்று. இல்லை. மூலையைக் காலால் அழுத்தி, ஒரு புது ஆணியைச் சுத்தியலால் அடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கப் போனேன். யோசிக்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரிந்தே தவறு செய்கிறவன் எல்லோரும் நடுவில் ஒரு டீ குடிப்பான். எச்சரிக்கையாக இருங்கள்.

பாதி டீயில் இருக்கும்போது இன்ஜினியரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. மணி ஒன்பதேகால்தான். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் ஓடி வருவதற்குள் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே இது? யாரு ஒட்டுனது இதெல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி, "நான் தான் சார்" என்றார். கையில் பிரஷ் அப்படியே இருந்தது.

"பிரைமர் அடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பாத்தா கம்பெனி பேரு என்னாவும்? அண்ணே, இவங்கள அனுப்பிடுங்க. நமக்கு இந்த பேஜாரு வேணாம்."

அந்தப் பெண்மணி பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வழித்து, சொட்டாமல் மேலே வைத்தார். வேலையை விட்டுப் போகிறவர்கூடப் பிரைமரை வீணாக்காமல் வழிக்கிறார் என்று பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. நான் பேசாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவர் போய்விடுவார், மிச்ச ஸ்டிக்கரையும் பிய்த்துவிடலாம், ஷீட் ஏறிவிடும். அந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீங்களும் ஒரு நாள் அதைப் போட்டுப் பார்ப்பீர்கள்.

"சார், அவங்க ஒட்டுனது சரி" என்றேன். "கம்ப்ரசர்ல பிரஷர ஏத்துனது நான். பின்சுவர் மரம் கெட்டின்னு ஏத்துனேன், எறக்கல. நேத்தே அவங்க சொன்னாங்க, நான் தான் கேக்கல."

உளியை எடுத்து அந்த மூலைக்கு மேலே இன்னொரு இடத்தில் நெம்பிக் காட்டினேன். பலகை வந்தது, ஆணி நின்றது. இன்ஜினியர் குனிந்து அந்த ஓட்டைகளையே வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. எழுந்து சுவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, நடந்தது நடந்துச்சி. ஸ்டிக்கர் இருக்குற இந்தப் பலகைங்கள மட்டும் சரி பண்ணிடலாம். பக்கத்துல கையால ஆணி போட்டா போதும். அந்த மூணு பலகையில ஒண்ணுமே இல்ல, நல்லா இருக்குது. லாரி வந்தா அங்கேர்ந்து ஷீட்ட ஏத்த ஆரம்பிக்கட்டும். டைமுக்கு முடிச்சிடலாம் அண்ணே."

அவர் கை காட்டியது நான் பிய்த்த மூன்று பலகைகளை.

பிரஷர் ஏற்றினேன் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவசரத்தில் செய்த தவறு, யாருக்கும் நேரக்கூடியது, சொல்லிவிட்டால் கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூட இருக்கும். ஆனால் ஸ்டிக்கரைப் பிய்த்தேன் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. அது அவசரத்தில் செய்தது இல்லை. நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். எத்தனை ஒட்டினோம், எங்கே ஒட்டினோம் என்று செக்கிங்கில் இருந்தவருக்குத் தெரியாமல் போகுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேன்ட் பைக்குள் கையை விட்டேன். ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாகியிருந்தது. வெளியே எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினேன்.

"அந்த மூணு பலகையிலயும் இருந்துச்சி சார். நான் தான் பிச்சிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள பிச்சிடலாம்னு பாத்தேன்."

அவர் அந்த உருண்டையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு மத்தியானம் வந்தால் போதும் என்றார். அடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். "வெள்ளிக்கிழமை ஜெபம் வெச்சிக்கோங்க சார். கூரை முடிஞ்சிருக்காது. வேன் ரெண்டு நாள் வெளிய நிக்கட்டும். சுவர்ல எங்க ஆளுங்க ஒரு தப்பு பண்ணிட்டாங்க, சரி பண்ணிட்டு தான் ஏத்துவோம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்புறம் அந்தப் பெண்மணியிடம் திரும்பினார்.

"அம்மா, அந்த மூணு பலகையையும் திரும்ப செக் பண்ண முடியுமா? அந்தப் பக்க சுவரையும் பண்ணணும்."

"பண்றேன் சார்."

"அண்ணே, நீங்க சுத்தியல எடுங்க" என்றார் என்னிடம்.

ரஃபீக் அதற்குள் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "கன் என் கையில தானே இருந்துச்சி அண்ணே, நான் பாத்திருக்கணும்" என்று சொல்லிக் கன்னை மூலையில் வைத்துவிட்டு அவரும் ஒரு சுத்தியலோடு, கண்ணுக்கே பள்ளம் தெரிந்த ஆணிகளிலிருந்து ஆரம்பிக்க வலது பக்கச் சுவருக்குப் போனார். வேறு யாராக இருந்தாலும் சூப்பர்வைசர்தான் ஏற்றினார் என்று கையைக் கழுவியிருப்பார்கள். அதற்குரிய நியாயமும் அவரிடம் இருந்தது.

நான் அந்தப் பெண்மணியோடு இடது பக்கச் சுவரில் நின்றேன். ஸ்டிக்கர் ரோல் காலையில் இந்த ஒரு சுவரோடு தீர்ந்துவிட்டது. ஆகவே அவர் விரலை வைப்பார், "இங்க சார்" என்பார், விரலை எடுப்பார். அந்தத் தலைக்கு இரண்டு விரல்கடை தள்ளி நான் புது ஆணி அடிப்பேன். தலை பலகையோடு பலகையாகச் சமமாக வந்ததும் நிறுத்துவேன். அவர் மறுபடி தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்தது. முதல் பத்து ஆணியில் மூன்றுக்குத் தலையாட்டவில்லை. என் கை பழக்கதோஷத்தில் கடைசியாக ஒரு அடி கூடப் போட்டுவிடும். "கடைசி அடி வேணாம் சார்" என்றார். பத்தே நாள் பழக்கத்தில் அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் தொட்டுப் பார்ப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கண் பலகையில் இருக்காது. எங்கேயோ ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளங்கையை உபயோகிக்க மாட்டார், நடுவிரலின் நுனி மட்டும். தடவ மாட்டார், வைத்து எடுப்பார். நான் செவ்வாய்க்கிழமை உள்ளங்கையால் தடவி வழவழப்பு என்று மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பு வந்தது. நல்லது என்று கேட்கத் துடிக்கிற கை அப்படித்தான் தடவும். பிய்த்த மூன்று பலகையிலும் அவர் ஒரு ஆணியைக்கூட விடாமல் மறுபடி கண்டுபிடித்தார். ஒரே ஒரு இடத்தில் நின்று யோசித்தார். "இத காலையில ஒட்டல. இப்ப பாத்தா இதுவும் போச்சி" என்று அதையும் சேர்த்துக்கொண்டார். தன் வேலையிலும் குறை கண்டுபிடித்துச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மத்தியானம் இன்ஜினியர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி அனுப்பியிருந்தார். சாப்பிட்டு எழுந்து மறுபடி நின்றோம். தோள்பட்டை கழன்று விழும் போல இருந்தது. வெயில் சுவரின் மேல் நேராக இறங்கியது. அவர் விரல் வைக்க, நான் அடிக்க, வேலை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவது பலகையில் இருக்கும்போதுதான் காலையிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, கேட்டுல இருக்கிற போர்டுல இன்ஜினியர் சார் நம்பர் பெருசா எழுதியிருக்குது. நேத்து நான் அப்படிப் பேசுனதுக்கு நீங்க நேரா அவருக்கே ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல? ஒரு நிமிஷ வேலை. எதுக்கு விடியக்காலையில வந்து ஒண்ணொண்ணா ஒட்டிக்கினு நின்னீங்க?"

"போட்டிருக்கலாம் சார்" என்றார். விரல் அடுத்த ஆணிக்கு நகர்ந்தது. "லைன்ல ஒருத்தர் தப்பு பண்ணா முதல்ல அவருக்குத் தான் சார் காட்டணும். அவரே சரி பண்ணிட்டார்னா மேல யாருக்கும் தெரிய வேணாம். எங்க செக்கிங்ல அப்படித்தான். பெரிய சார் பத்து மணிக்கு வருவாரு, நீங்க எட்டு மணிக்கே வந்துடுவீங்கன்னு தெரியும். அதான் ஆறு மணிக்கு வந்து ஒட்டி முடிச்சேன். உங்களுக்கு ரெண்டு மணி நேரம் இருக்குதுன்னு நெனச்சேன் சார்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. பஸ் டைம் சொல்வது போலத்தான் சொன்னார். இன்ஜினியர் சீக்கிரம் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று அதுவரைக்கும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓங்கிய சுத்தியலைக் கீழே இறக்கினேன். அவர் எனக்காக ஒதுக்கிக் கொடுத்த நேரத்தை நான் ஸ்டிக்கர் பிய்க்கவும் டீ குடிக்கவும் செலவழித்திருந்தேன். அறுபதை நெருங்குகிற வயதில், பட்டப்பகலில், கூலியாட்கள் நடுவில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. சட்டைக் கையால் வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

"அடுத்தது எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இங்க சார்" என்று விரலை வைத்தார்.